அக்காவை அசைய விடாத தம்பி

நம்மிடையே 'அசையாதீங்க' என்றோர் இனம் உண்டு. வீட்டில் யாருக்காவது எலும்பு முறிந்தால் போதும், மழைக்குக் காளான் மாதிரி முளைத்துவிடுவார்கள். கெட்டவர்களா? சேச்சே. பாசத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. சிக்கலே அதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு வயது அறுபத்தாறு. அக்காவுக்கு எழுபத்திரண்டு, தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து ஊரையே 'லைன்ல இருங்க' என்று காக்க வைத்தவர். வீட்டில் இவர்கள் இரண்டே பேர். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அக்காவின் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். மறுநாளே டாக்டர் அவரை எழுப்பி நிறுத்தியதைப் பார்த்த தம்பி, அந்த மனுஷனுக்கு ஈவிரக்கமே இல்லை என்று தீர்ப்பெழுதிவிட்டார்.

வீடு திரும்பியதும் தம்பியின் ஆட்சி. தண்ணீர் கட்டிலுக்கு வரும், மூக்குக்கண்ணாடி வரும், செய்தித்தாள் வரும், சீப்பு வரும், ஜன்னலைச் சாத்த அக்கா ஒரு காலைக் கீழே வைத்தால் அடுத்த அறையில் இருக்கும் தம்பிக்கு எப்படியோ மூக்கில் வியர்த்து அவரே ஓடி வருவார். பிடித்து நடக்கக் கொடுத்த வாக்கர் என்ன செய்தது? மூலையில் நின்று தம்பியின் ஈரத் துண்டைச் சுமந்தது.

பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி பெண் சமையலறை வரை நடக்கச் சொன்னால், அங்கே என்ன வேண்டும், நானே எடுத்து வருகிறேன் என்பார் தம்பி. ஐந்தாம் வாரம் அந்தப் பெண் அக்காவின் தொடையை நாடா வைத்து அளந்தாள்.

"எலும்பு நல்லா சேர்ந்துட்டு வருது சார். ஆனா சதை கரையுது. இப்படியே படுத்திருந்தாங்கன்னா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாங்க."

தம்பி உடனே கிளம்பிப் போய் இன்னொரு தலையணை வாங்கி வந்தார். அன்று முழுக்க அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அழுததாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் தம்பி காய்ச்சலில் விழுந்தார். பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. அதிகாரம் செய்யத்தான் ஆளில்லை. அக்கா துண்டை உதறிவிட்டு வாக்கரைப் பிடித்தார். முதல் நாள் அறைக் கதவு வரை, மறுநாள் கூடம் வரை. மூன்றாம் நாள் காலையில் சமையலறையில் பாத்திரச் சத்தம். பிறகு குரல்.

"டேய், காபி போட்டிருக்கேன். ரெண்டு கையும் வாக்கர்ல இருக்கு, தூக்கிட்டு வர முடியாது. நீ எழுந்து வா."

எழுந்தார். மூன்றே நாள் படுத்த கால்கள் துவண்டன. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தவர் மூச்சு வாங்க, "இவ்வளவு கஷ்டமாக்கா?" என்றார். அக்கா டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

இப்போது அக்கா கைத்தடியோடு தெருமுனை வரை போய் வருகிறார். தம்பியும் திருந்திவிட்டார். மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறார், அவ்வளவுதான்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனால் சற்றுமுன் உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டதும், படிப்பதை நிறுத்தாமலே "என்ன வேணும், நீங்க படுங்க" என்று ஒரு குரல் போனதே, அது யாருடையது?