எல்லாருக்கும் போன கடிதம்

சம்பளமே இல்லாத வேலையிலிருந்தும் ஒருவன் தலைகுனிந்து வெளியேற முடியும் என்பது, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பாக்கம் சாலையில் நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் ஒதுங்கியிருந்தேன். ஆலை மூடியது, அறையும் போனது. பழவேற்காட்டு அன்வர் தன் பிரவுசிங் சென்டரின் பின்னறையில் படுக்க இடம் கொடுத்தான். கூடவே, இலவச மென்பொருளைத் தமிழுக்கு மாற்றும் தன்னார்வலர் குழுவிலும் சேர்த்துவிட்டான். (படுக்கையும் ஓசி, உழைப்பும் ஓசி.) குழுவை நடத்துபவனும், நான் தமிழாக்கும் மெனு வரிகளைச் சரிபார்ப்பவனும் அவனே. அனுப்பியதில் பாதிக்கு மேல் திரும்பி வரும்.

ஒருநாள், குழுவில் இருந்த ஆரம்பாக்கத்து நண்பன் செல்வம் குழுவின் மின்னஞ்சலில் ஏதோ கேட்டிருந்தான். அதற்குப் பதில் போட்டால் அவனுக்கு மட்டும் போகும் என்று நம்பி, மனதில் இருந்ததைக் கொட்டினேன்: ‘அன்வர் ஓசியில் கலெக்டர் வேலை பார்க்கிறான். அவனிடம் திருத்தம் வாங்குவதற்கு உலை வாயில் நிற்கலாம்.’

அனுப்பினேன். கவுன்ட்டரில் அன்வரின் கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது.

கடிதம் குழு முழுவதற்கும் போயிருந்தது. அவசரமாக இன்னொன்று தட்டினேன்: ‘அடுத்தவன் கடிதத்தைப் படிப்பவன்தான் குற்றவாளி.’ (மன்னிப்புக் கேட்கத்தான் ஆரம்பித்தேன். விரல் கேட்கவில்லை.) இந்த முறை ‘டிங்’ இல்லை.

அன்வர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சோக்கா எழுதிக்கீற நைனா. மெனுவுல மட்டும் ஏன் இப்டி எழுத மாட்டேன்ற?”

திட்டியிருந்தால் நின்று சண்டை போட்டிருப்பேன். பையை எடுத்தேன்.

ஆரம்பாக்கத்தில் கதவைத் திறந்த செல்வம், தன் கம்பெனி ஆபீஸிலேயே கடிதத்தைப் படித்துவிட்டு வந்திருந்தான். “சிங்கப்பூர்லர்ந்துலாம் கேக்கறாங்கடா, யாரு அந்த கலெக்டருன்னு.” (இன்றும் என் பிள்ளைகளுக்கு அன்வர், கலெக்டர் மாமாதான்.)

காலையில் அன்வர் செல்வத்துக்குப் போன் செய்தான். “அவன அனுப்பு. ஒரு வேல கீது.”

வேலை இதுதான்: குழுவுக்கு வரும் சூடான கடிதங்களை நிறுத்திவைத்து, ஆறியபின் அனுப்பலாமா என்று எழுதியவரையே கேட்பது. சம்பளம் வழக்கம்போல். ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கடிதம் ஏற்கெனவே காத்திருந்தது. முதல் ‘டிங்’ கேட்டதுமே அன்வர் என் பெயரில் வரும் கடிதங்களுக்குத் தடை போட்டிருக்கிறான்.

‘அடுத்தவன் கடிதத்தைப் படிப்பவன்தான்...’

அனுப்பலாமா என்று எழுதியவரைக் கேட்டேன். வேண்டாம் என்றார்.