ஒட்டுக்கேட்கிறவருக்கும் வணக்கம்

அன்று வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு ஹோலில் இருந்தவர்கள்: நான், என் கணவர், மகள் நிலானி, ஒஷாவாவிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, அவருடைய தாய், சம்பந்தம் பேசிய, 'அறிக்கை' என்று பட்டப்பெயர் பெற்ற அண்ணை. ஆறு பேர். அண்ணையின் கணக்கில் ஏழு. ஏழாமவர் எங்கோ ஓர் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அண்ணையின் போன் வழியாக எங்களைக் கேட்டுக்கொண்டிருந்த பொலிஸ்காரர்.

பொலிஸ் தன் போனை ஒட்டுக்கேட்கிறது என்று பயந்தவர்கள் கனடாவில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதற்காகத் தலையைச் சீவிக்கொண்டு போன் எடுத்தவர் அண்ணை ஒருவர்தான்.

நானும் அவரும் கேக் ஃபக்டரியில் ஒரே ஷிஃப்ட். பதினொரு வருஷத்துக்கு முதல் ஒருநாள் அவருடைய போனில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தப் போன் வந்தாலும் ஒரே தொடக்கம்: "வணக்கம். ஒட்டுக்கேக்கிறவருக்கும் வணக்கம்."

வணக்கத்தோடு விட்டாரா? "கெதியாய்க் கதையாதேங்கோ தங்கச்சி. ஆரோ எங்கட பொடியன்தான் பாவம், இருந்து இங்கிலீஷில எழுதிறான்" என்பார். கூழ் என்று நான் சொன்னால் நடுவில் புகுந்து, "சூப் மாதிரி, சேர். ஆனா சூப் இல்லை" என்று விளக்கம் வேறு.

நானோ எட்டாம் வகுப்போடு நின்றவள். அரசாங்கக் கடித உறையைக் கண்டாலே தண்ணீர் குடிக்கிறவள். ஒருமுறை வாய் தவறி, "அண்ணை, ஊரிலயிருந்து மா பார்சல் வந்திட்டுது, உங்களுக்கு ரெண்டு கிலோ" என்று போனில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கமிருந்து ஒரு கத்தல்: "சேர்! அரிசி மா, சேர்! வறுத்தது! புட்டு அவிக்க!"

ஒரு கிழமை எங்கள் வீட்டில் புட்டு இல்லை. அந்த மாப் பையை நான் கையாலும் தொடவில்லை.

'அறிக்கை' என்ற பட்டப்பெயருக்குக் காரணம், அரசாங்கம் வெளியிடுகிற வருடாந்த அறிக்கை. ஒட்டுக்கேட்க எத்தனை அனுமதி கேட்டார்கள், எத்தனை கிடைத்தது, என்னென்ன குற்றத்துக்கு, கேட்டு முடிந்தபின் எத்தனை பேருக்கு அதை அறிவித்தார்கள், எல்லாம் வருஷா வருஷம் ஊருக்குச் சொல்லவேண்டுமென்று இங்கே சட்டம். நானறிய அதை வாசித்த ஒரே தமிழர் அண்ணை. லைப்ரரியில் பிரிண்ட் எடுத்து, லஞ்ச் ரூமில் ராசிபலன் மாதிரி உரத்து வாசிப்பார். பெயர் ஒன்றும் இராது, எண்கள்தான்.

"மரியாதைக்காகப் பேர் போடமாட்டினம், தங்கச்சி" என்று ஓர் எண்ணைத் தடவுவார். "இதுக்குள்ள ஒண்டு நான்."

இப்படிப்பட்டவரையா சம்பந்தம் பேச விட்டாய் என்று கேட்பீர்கள். முப்பது வயது வரைக்கும் எந்தப் படத்தைக் காட்டினாலும் "நோ அம்மா" என்றவள் நிலானி. அண்ணை கொண்டுவந்த பொடியனோடு இரண்டுதரம் கோப்பி குடித்துவிட்டு வந்து "ஓகே அம்மா" என்றாள். பிறகு என்னால் என்ன செய்யமுடியும்? அன்றைக்கு ஒரு நாள் மட்டும் போனை நிற்பாட்டச் சொல்லிக் கெஞ்சினேன். "ஓம், ஓம்" என்றார். நிற்பாட்டவில்லை.

மாப்பிள்ளையின் தாய் தட்டிலிருந்து இறைச்சி ரோல்ஸை எடுக்க, அண்ணையின் போன் அடித்தது. வீட்டுக் காற்றுக்குழாய் துப்புரவாக்கவோ என்று எல்லாருக்கும் போன் எடுக்கிற டக்ட் கிளீனிங்காரர்.

"வணக்கம். ஒட்டுக்கேக்கிறவருக்கும் வணக்கம்."

ரோல்ஸ் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"ஆர் ஒட்டுக்கேக்கிறது?"

"பொலிஸ்தான், அக்கா. பயப்பிடாதேங்கோ, நல்ல ஆக்கள்."

"பொலிஸோ!" தாய் மகனிடம் திரும்பினார். "தம்பி, எழும்பு. இந்த வீட்டில என்ன கேஸ் நடக்குது?"

"அன்ரி, ஹீ இஸ் ஜஸ்ட் ஜோக்கிங்!" என்றாள் நிலானி.

"ஜோக்கோ?" அண்ணைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் இதில ஜோக் அடிக்கிறேல்லை, பிள்ளை!"

தாய் கைப்பையைத் தூக்கினார். மாப்பிள்ளை பாதி எழும்பி, பாதி இருந்தார். அப்போதுதான் அண்ணை நிலானியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மெல்லத் தன் பையைத் திறந்து அறிக்கையை எடுத்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம் இருங்கோ. ஒட்டுக்கேட்டால், முடிஞ்சு தொண்ணூறு நாளுக்குள்ள அந்த ஆளுக்கு எழுத்தில அறிவிக்கவேணும். நீதவான் விட்டால் வருஷக்கணக்கிலயும் இழுக்கலாம். ஆனா ஒருநாள் அறிவிச்சே ஆகவேணும். அது சட்டம்."

"அப்ப உங்களுக்குக் கடிதம் வந்ததோ?"

அண்ணை அறிக்கையை நாலாக மடித்தார்.

"பதினொரு வருஷம், அக்கா. ஒண்டும் வரேல்லை. கேக் அடுக்கிறவனுக்காக ஆர் இவ்வளவு காலம் இழுப்பினம்? என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. சும்மா நானாய்த்தான் கதைச்சிருக்கிறன்."

"அப்ப கேஸ் இல்லை?"

"இல்லை."

தாய் ரோல்ஸைக் கடித்தார். "இறைச்சி நல்லா அவிஞ்சிருக்கு" என்றார். தேத்தண்ணி முடிவதற்குள் நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையும் நிலானியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். பிறகு, தான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ட்டில் வேலை இருக்கிறது என்று எழும்பிப் போனார். அந்தப் பேஸ்மென்ட்டில் அவர் தனிய இருக்கிறார். அங்கே என்ன வேலை?

இப்போது எனக்கும் அவருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவருக்குப் போன் எடுப்பேன். என்ன சமைத்தது என்று கேட்டால் போதும், உள்ளி உரித்ததிலிருந்து தொடங்குவார். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். சில நாள் இரண்டு பஸ் போய்விடும்.

மூன்றாவதில் ஏறுவேன்.