வெல்டிங் அண்ணையின் நாற்பத்தேழு பிள்ளைகள்

அம்மன் கோயில் திருவிழாவில், பொம்மைக் கடைக்கு முன்னால் அன்றைக்கு நின்றவர்கள் இவ்வளவு பேர்தான். நான். என் மனைவி. ஆறு வயது மகள். கடைக்காரர். பிறகு, எல்லாருக்கும் மேலாகத் தலை தெரிய, வெல்டிங் அண்ணை.

அவரைப் போல ஒரு மனிதர் யாழ்ப்பாணத்தில் இல்லை. கடல் தாண்டியும் இருக்கமாட்டார். மருதனார்மடத்தில் வெல்டிங் கடை. குனிந்துதான் வாசலுக்குள் நுழைவார். மீசையில் ஒரு பக்கம் எப்போதும் கருகியிருக்கும். லொறியின் பின்கதவைத் தனியாளாகத் தூக்கிப் பிடிப்பார். அப்படிப்பட்டவர் திருவிழாவுக்குத் திருவிழா பொம்மை வாங்குவார்.

“ஆருக்கு அண்ணை, மகளுக்கோ?” என்று கடைக்காரர் கேட்பார்.

“எனக்கு.”

அதற்குமேல் கேட்கக் கடைக்காரருக்குத் துணிவு வராது.

கலியாணமாகாத மனிதர். ஊர் சும்மா இருக்குமா? வவுனியாவில் இவருக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்று முடிவுகட்டியது. ஒரு தரகர் துணிந்து சம்பந்தம் பேசப் போனார்.

“தம்பி, மறைக்காமல் சொல்லும். எத்தினை பிள்ளையள்?”

அண்ணை திரும்பி, வாங்கின பொம்மைகளை அடுக்கியிருந்த கடை அலுமாரியைப் பார்த்தார். “நாப்பத்தொண்டு.”

ஓடிப்போன தரகரின் குடை இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

அந்தத் திருவிழாக் கதைக்கு வருகிறேன். கடைக்காரர் கடையின் நடுவே கயிறு கட்டியிருந்தார். ஒரு பக்கம் முழுக்க றோஸ் பெட்டிகள்: பொம்மை, சட்டிபானை, வளையல். மற்றப் பக்கம் முழுக்க நீலம்: கார், லொறி, பந்து. மகள் கயிற்றுக்குக் கீழால் கையை விட்டு ஒரு பச்சை டிப்பர் லொறியை எடுத்தாள்.

“உது பெடியளின்ரை சாமான், பிள்ளை. வையுங்கோ,” என்றேன்.

“பெட்டிப் படத்திலையும் பெடியன்தானே நிக்கிறான்,” என்றார் கடைக்காரர்.

வைத்துவிட்டாள். றோஸ் சட்டிபானை வாங்கிக் கொடுத்தேன். அதை வீடுவரை என் மனைவிதான் தூக்கிவந்தாள்.

நான் டிப்பர் ஓட்டுகிறவன். மண், கல் ஏற்றுவேன். பின்னேரம் ஒழுங்கைக்குள் திருப்பினால் மகள் ஓடிவந்து ஏறி ஹோன் அடிப்பாள். அயல் முழுக்கத் திட்டும். திருவிழாவுக்கு அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு மாதம் போனது. அயல் சந்தோசமாக இருந்தது. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது.

என் டிப்பரின் பின்கதவுப் பிணைச்சல் உடைந்து வெல்டிங் அண்ணையிடம் போனேன். அன்றைக்குத்தான் அலுமாரியைக் கிட்டப் பார்த்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் கீழே, தட்டுப் பலகையில் சோக்கால் எழுதியிருந்தார். தங்க நிறத் தலைமயிர்ப் பொம்மைக்குக் கீழே: ‘நீலக் காற்சட்டைப் பெடியன். தகப்பன் அடிச்சவர்.’ பச்சை டிப்பருக்குக் கீழே: ‘மஞ்சள் சட்டைப் பிள்ளை. அழேல்லை.’

எங்கள் மகள் திருவிழாவன்று மஞ்சள் சட்டை.

பிள்ளைகள் ஆசைப்பட்டு எடுத்து, பெரியவர்கள் பறித்து வைத்த சாமான்கள். பின்னால் நின்று ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறார். எண்ணினேன். நாற்பத்தேழு. செருப்பைக் கழற்றவேண்டும் போலிருந்தது.

“ஏன் அண்ணை உதுகளைச் சேக்கிறியள்?”

“பிள்ளையள் பிறகு வருங்கள்.”

“வந்ததுகளோ?”

“இன்னும் இல்லை.”

“இந்த டிப்பரை எனக்குத் தாங்கோ. காசு தாறன்.”

“வையெண்டு சொன்ன ஆளுக்குக் குடுக்கமாட்டன். எடுத்த ஆள் வரட்டும்.”

“அவள் மறந்திருப்பாள்.”

அண்ணை முகமூடியை மேலே தூக்கினார். “உன்ரை டிப்பர் என்ன நிறம்?”

“பச்சை.”

“பிறகென்ன விசர்க்கதை கதைக்கிறாய்?”

பிணைச்சலை ஒட்டி முடித்ததும் காசைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

மறுநாள் மகளைக் கூட்டிப்போனேன். அண்ணை முழந்தாளில் இருந்தார். அப்போதும் அவளைவிட உயரம்.

“என்ன வேணும், பிள்ளை?”

மகள் என்னைப் பார்த்தாள். அண்ணையும் என்னைப் பார்த்தார். வாயைத் திறப்பதைவிடப் பின்கதவைத் தூக்குவது சுலபம்.

“கேளுங்கோ அம்மா. அப்பாதான் பிழையாச் சொன்னவர்,” என்றேன்.

“அந்தப் பச்சை,” என்றாள். “அப்பான்ரை மாதிரி.”

இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். கருகாத பக்கத்து மீசை துடித்தது.

மகள் எனக்கு முன்னால் ஓடி ஏறி, ஹோனை அழுத்தினாள். மருதனார்மடச் சந்தியே திரும்பிப் பார்த்துத் திட்டியது. புறப்படும்போது கண்ணாடியில் பார்த்தேன். அண்ணை அலுமாரிக்கு முன்னால் நின்று, மிச்சம் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தாறு.