பத்து பர்சென்ட் ஏறும்வரை

கரமனையில் ஐந்து மணிக்குப் பெண் பார்க்கப் போகவேண்டிய வெங்கிடேஷின் புது எலெக்ட்ரிக் கார், வலியசாலைத் தெருவில் இரண்டு பர்சென்ட் சார்ஜோடு படுத்துவிட்டது.

"ஆட்டோவில போயிடலாம்மா. இதோ இருக்கு கரமனை."

"புதுக் கார்ல வரோம்னு சொல்லியாச்சுடா. ஆட்டோவில போய் இறங்கினா கார் பொய்யின்னு நினைப்பா. அப்பறம் உன் பாங்க் வேலையும் பொய்யாயிடும்" என்றாள் அம்மா சூடாமணி.

வழியில் சார்ஜ் போட இடம் தேடாமலா வந்தார்கள்? ஆப்பில் ஊரெங்கும் பச்சைப் புள்ளிகள். முதல் புள்ளியில் மெஷின் இருந்தது, திறப்புவிழா ரிப்பனும் இருந்தது; வெட்ட வேண்டியவர்தான் வந்திருக்கவில்லை. இரண்டாவது மெஷினில் நேந்திர வாழைக்குலை தொங்கியது. எடுக்கச் சொன்னால், "கிலோவோ, முழுக் குலையோ?" என்றார் கடைக்காரர். தேடித் தேடியே இருந்த சார்ஜும் இறங்கிப் போனது.

பக்கத்து வீட்டில் ஒரு பிளக் கேட்கலாமென்று வெங்கிடேஷ் மணியடித்தான். அவன் வாய் திறப்பதற்குள் ஒரு மாமி கதவைத் திறந்தாள்.

"வாங்கோ வாங்கோ! நாலரைக்கே எதிர்பார்த்தோம். நான் ஜானவியோட அம்மாவாக்கும்."

உள்ளேயிருந்து சொஜ்ஜி மணத்தது. இங்கேயும் பெண் பார்க்க யாரோ வரவேண்டும் என்று வெங்கிடேஷுக்குப் புரிந்துவிட்டது.

"மாமி, நாங்க வந்தது..."

அம்மா அவன் கையைக் கிள்ளினாள். "காருக்கு ஒரு பிளக் கிடைக்குமா மாமி?"

மாமி பூரித்துப்போய் ஏசியின் பிளக்கையே பிடுங்கிக் கொடுத்தாள். வயர் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு இறங்கியது.

"பத்து பர்சென்ட் ஏறட்டும். விஷயத்தைச் சொல்லிட்டுக் கிளம்பிடலாம்" என்று அம்மா காதில் ஓதினாள்.

"போட்டோவில மீசை இருந்ததே?" என்றாள் மாமி.

"எடுத்துட்டான்."

"விழிஞ்ஞம் போர்ட்ல வேலை எப்படி?"

"இப்போ கப்பல் ஜாஸ்தி" என்றாள் அம்மா.

வெங்கிடேஷ் கப்பல்களை நினைத்து வியர்த்தான். ஏசியும் இல்லை.

மூன்று பர்சென்ட்டில் பஜ்ஜி வந்தது. ஐந்து பர்சென்ட்டில் காபித் தட்டோடு ஜானவி வந்தாள்.

"உங்க காருக்காக ஆத்துல எல்லாரும் வெந்துண்டிருக்கோம். பிடிக்கலேன்னா இப்பவே சொல்லிடுங்கோ. ஏசியைப் போட்டுக்கறோம்."

வெங்கிடேஷுக்குப் பிடித்துவிட்டது. அது புதுத் தொல்லை. கரமனையிலிருந்து 'ஏன் காணோம்' என்று ஒரு போன்கூட வரவில்லை. என்ன மரியாதைப்பட்ட மனுஷா என்று அம்மா உருகினாள்.

ஏழு பர்சென்ட்டில் மாமி வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள். "நாளும் நன்னாருக்கு. தாம்பூலத்தை மாத்திண்டுடலாமே?"

வெங்கிடேஷ் துள்ளி எழுந்தான். "மாமி, மன்னிக்கணும். நான் உங்க மாப்பிள்ளை இல்லை, சார்ஜ் போட வந்தவனாக்கும்! கரமனையில வேற பெண்ணைப் பாக்கப் போயிண்டிருக்கேன்."

மாமி தட்டைக் கீழே வைத்தாள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஜானவி நேராகப் போய் வயரில் கை வைத்தாள்.

வாசலில் போன் பேசிக்கொண்டிருந்த அவள் அண்ணன் சுமந்த் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அம்மா, மாப்பிள்ளை ஆத்துக்காரா வரமாட்டாளாம். கரமனையில சார்ஜ் தீர்ந்து, பிளக் கேட்டு, அஞ்சு மணிக்குப் பெண் பாக்க வரவாளுக்குக் காத்துண்டிருந்த ஏதோ ஆத்துல நுழைஞ்சாளாம். அங்கே தாம்பூலமே மாத்தியாச்சாம்."