ஜூனிப்பர் சொன்ன அருள்வாக்கு

என்மீது முருகன் இறங்கி அருள்வாக்குச் சொன்னதாக எங்கள் ஊரான ரெம்பியா வட்டாரத்தில் இன்னமும் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு என்னை ஆட்டிவைத்தது முருகன் இல்லை, மூலிகைத் தேநீர்.

தொண்ணூறுகளில் எங்கள் தாமான் குடியிருப்பில் யாரைப் பார்த்தாலும் நேரடி விற்பனை. பக்கத்து வீட்டு சுசிலா அக்கா விற்றது ஜூனிப்பர் தேநீர். ஜூனிப்பர் என்பது குளிர் நாட்டு மலைகளில் மிளகு போலக் காய்க்கும் கருநீலப் பழமாம். வாயு, மூட்டு வலி, கால் வீக்கம் எல்லாவற்றுக்கும் அதுவே மருந்தாம். எனக்கு வேலை கிடைத்தால் காவடி எடுப்பேன் என்று அம்மா வேண்டியிருந்தார்; வேலை கிடைத்து, அந்த நேர்த்திக்கடனைச் செலுத்த வேண்டிய வருடம் அது. தொழிற்சாலையில் நின்று நின்று எனக்குக் கால் வீங்கியிருந்தது. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் கவலை.

"உடம்புல இருக்கிற வேண்டாத தண்ணிய எல்லாம் எடுத்துரும் தம்பி. குடிச்சுப் பாரு லா" என்றார் அக்கா.

எடுத்து எங்கே கொண்டு போகும் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு கோப்பை என்றுதான் பெட்டியில் போட்டிருந்தது. (அது வெள்ளைக்காரன் உடம்புக்கு. சம்பல் தின்று வளர்ந்த நமக்கு அது எந்த மூலைக்கு?) காவடியன்று காலையில் ஒரு பிளாஸ்க் நிறையக் காய்ச்சிக் குடித்தேன். விரதத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்றால் இதையும் குடிக்கலாம்தானே.

நாக்கில் வேல் குத்தி, தோளில் காவடி ஏறி, உருமி முழங்க ஊர்வலம் புறப்பட்டது. காப்பிக்கடை முனையை நெருங்கும்போது, அக்கா சொன்ன வேண்டாத தண்ணீர் மொத்தமும் ஒரே இடத்தில் கூடிவிட்டது. வாய் திறந்து சொல்லவும் வழியில்லை. தொடையை இறுக்கினேன், நெளிந்தேன், ஒற்றைக் காலில் குதித்தேன். சாமி வந்துவிட்டது என்று பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உருமிக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். கையை ஆட்டி உதவி கேட்டால் நெற்றியில் திருநீற்றை அப்பினார்கள். போதாக்குறைக்கு, வாசலுக்கு வாசல் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் நீரைக் காலில் ஊற்றினார்கள். அந்தச் சளசளப்பைக் கேட்டுக்கொண்டே அடக்குவது எப்படி என்று அடக்கியவனுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் சின்னம்மா என் காலில் விழுந்தார். அவருடைய மகள் வசந்திக்கு இரண்டு வரன்கள் வந்திருந்தன. ஒன்று தங்கா பத்து ஊரிலிருந்து, இன்னொன்று லூபோக் சீனாவிலிருந்து. எதை முடிப்பது என்று தெரியாமல் வீடே தூக்கமில்லாமல் கிடந்தது.

"முருகா, எம்புள்ளைக்கு எந்தப் பக்கம்பா மாப்பிள்ள?"

எனக்குத் தெரிந்த பக்கம் ஒன்றுதான். யாராவது காவடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்ற ஆசையில், காப்பிக்கடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறையை நோக்கி விரலை நீட்டினேன். சின்னம்மா திரும்பிப் பார்த்தார். லூபோக் சீனா போகும் சாலையும் அந்தப் பக்கம்தான். புரியவில்லையோ என்று மறுபடியும் மறுபடியும் காட்டினேன். அவர் தேம்பித் தேம்பி அழுதபடி கும்பிட்டார்.

இனி கோயிலைத் தவிர வேறு கதியில்லை. முன்னால் போன காவடிகளை எல்லாம் முந்திக்கொண்டு ஓடினேன். (கால் வீக்கமா? அது யார் காலில் இருந்தது?) அம்மா மகனின் பக்தியைப் பார்த்து மெய்சிலிர்த்து நின்றார். பூசாரி நிதானமாகக் காவடியை இறக்கி, அதைவிட நிதானமாக நாக்கிலிருந்த வேலை எடுத்தார். அடுத்த கணம் நான் அங்கே இல்லை.

மறுநாள் இடுப்பு வலியோடு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் நன்றாகத் திட்டினார். சிறுநீரைப் பெருக்குவதே அந்தத் தேநீரின் வேலையாம். அளவு மீறினால் சிறுநீரகத்தையே பதம் பார்த்துவிடுமாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடவே கூடாதாம். அப்படியே போய் சுசிலா அக்காவிடம் ஒப்பித்தேன். மருந்து வேலை செய்கிறது என்பது நிரூபணம் ஆகிவிட்டதாக மகிழ்ந்துபோய், அடுத்த விற்பனைக் கூட்டத்தில் வந்து பேசும்படி கேட்டுக்கொண்டார்.

வசந்தி லூபோக் சீனாவுக்கே வாழ்க்கைப்பட்டாள். அவளுக்கு ஒரு குறை வந்தால் என்ன செய்வது என்று நான் பயந்த பயம் கொஞ்சமல்ல. நல்லபடியாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு ஒருநாள் எல்லோர் முன்னாலும் உண்மையைக் கொட்டிவிட்டேன். சின்னம்மா இன்றுவரை நம்பவில்லை. முருகன் எந்த ரூபத்திலும் வருவான் என்கிறார். மாப்பிள்ளை மட்டும் நம்பினார். இப்போதும் அவர்கள் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"நல்லவேள மச்சான், கக்கூசு எங்க ஊருப் பக்கமா இருந்துச்சு."