கடலுக்கு இரும்பு அனுப்பிய கழுதை

ஒரு காட்டில் என்றதும் அருவியையும் ஆலமரத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கடலோரத்துத் தேரிக்காடு. பனை, உடைமரம், அங்கங்கே முந்திரி. மற்றபடி பார்க்கிற இடமெல்லாம் குங்குமத்தைக் கொட்டி வைத்தது போலச் செக்கச்செவேலென்று மணல். வைகாசி பிறந்தால் மேற்கேயிருந்து காற்று கிளம்பிவிடும். வழியில் எது மேலே எழும்பினாலும் வாரிக்கொண்டு நேரே கடலுக்குப் போகும்.

அந்தக் காட்டில் செம்பி என்று ஒரு கழுதை இருந்தாள். குட்டி போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. யாராவது எதிரே வந்தால் காதை மடக்கிக்கொண்டு ஒதுங்கிப் போய்விடுவாள். "சாப்ட்டியா?" என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவாள். ராத்திரியெல்லாம் குட்டி முட்டி முட்டிப் பால் குடிக்கும். பகலெல்லாம் உண்ணி கடிக்கும். அவளுக்கென்று இருந்த சுகம் ஒன்றே ஒன்றுதான். குட்டி கண்ணயர்ந்ததும் மேட்டுக்குப் போவாள். முதுகை மணலில் போட்டு, நாலு காலையும் ஆகாயத்துக்குத் தூக்கி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு புரளல். செம்மண் புகையாகக் கிளம்பும். காற்று அதை அப்படியே அள்ளிக்கொண்டு போகும். எழுந்து உடம்பை ஒரு உதறு உதறினால் இன்னொரு புகை கிளம்பும். அப்பாடா என்று இருக்கும்.

பக்கத்து முந்திரிமரத்து மயிலுக்கு இது பிடிக்கவில்லை. அவர் பெயர் தோகைநாதன். காலையில் எழுந்ததிலிருந்து செல்போனில் தன்னைத்தானே படம் எடுத்துப் போடுவதுதான் அவருக்கு வேலை. போனைத் தூக்கிக்கொண்டு நரித் தலைவரிடம் போனார்.

"அண்ணாச்சி, இதப் பாரும். என் கழுத்து நீலம்னு ஊருக்கே தெரியும். படத்துல செங்கல் சூளைக்காரன் மாதிரில்லா விழுந்திருக்கேன்! எல்லாம் அந்தக் கழுதை பண்ணுத வேலை."

நரி அண்ணாச்சிக்கும் ஒரு ஆசை இருந்தது. அந்த வருஷம் 'தூசியில்லாக் காடு' என்று ஒரு பரிசு அறிவித்திருந்தார்கள். அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார். இனிமேல் யாரும் மணலில் புரளக் கூடாது. மீறினால் குட்டியோடு காட்டை விட்டு வெளியே.

வெளியே என்றால் டவுன். டவுனில் முதுகு ஒடியப் பொதி. பசித்தால் சுவரொட்டி, அதுவும் பசை காய்ந்தது. செம்பி குட்டியைப் பார்த்தாள். அன்றோடு மேட்டுப் பக்கம் போவதை விட்டாள்.

பனையில் முதுகை உரசிப் பார்த்தாள். சிராய்ப்புதான் மிச்சம். உடைமரத்தில் உரசினாள். முள்.

"ஏம்மா இப்பல்லாம் புரள மாட்டேங்க?" என்று குட்டி கேட்டது.

"பேசாமத் தூங்குட்டி."

தூசி அடங்கியது. மயிலின் கழுத்து படத்தில் நீலமாக விழுந்தது. ஆனி போய் ஆடி வந்தது.

ஆடியில் ஒரு நாள், கடலிலிருந்து முத்தழகி என்ற ஆமை மூச்சிரைக்கக் கரையேறி வந்தாள். தலைவரைப் பார்க்க வேண்டுமாம். வாசலில் ஓணான், "டோக்கன் எடுத்தியளா?" என்றது. டோக்கன் தருகிற மிஷின் பனைமரத்தடியில் இருந்தது. ஆமை அங்கே போய்த் திரும்புவதற்குள் ஆபீஸைச் சாப்பாட்டுக்கு மூடி, திறந்து, மறுபடி காப்பிக்கு மூடிவிட்டார்கள்.

ஒருவழியாக உள்ளே போனாள். "அண்ணாச்சி, எங்க நடுக்கடலுக்கு வந்துக்கிட்டிருந்த செம்மண்ணு ஏன் நின்னு போச்சு?"

"எங்க மண்ணு, நாங்க நிறுத்துதோம். உனக்கென்ன?"

"நடுக்கடல்ல வெயில் இருக்கு, உப்பு இருக்கு, தண்ணிக்குக் கேக்கவே வேண்டாம். இரும்புதான் இல்ல. உங்க மண்ணு செவப்பா இருக்கதே அந்த இரும்பாலதான். கண்ணுக்கே தெரியாத பச்சைப்பாசி எங்க தண்ணி மேல மிதக்கும். காத்துல வார தூசியிலதான் அதுக்கு இரும்புச்சத்து. பாசியக் கூனி இறால் திங்கும், கூனிய மீன் திங்கும். இப்ப தூசி இல்ல, பாசி இல்ல. தண்ணி கண்ணாடி கணக்கா கெடக்கு."

நரி முகம் மலர்ந்து, பக்கத்தில் நின்ற மயிலிடம் திரும்பினார். "கேட்டீராவே தோகைநாதன்! நம்மளால கடலும் சுத்தமாயிட்டு! இதையும் பரிசுக்கு எழுதிப் போடும்."

"சுத்தந்தான் அண்ணாச்சி. உள்ள ஆளே இல்ல."

உடைமரத்துக்குப் பின்னால் நின்று செம்பி கேட்டுக்கொண்டிருந்தாள். இரும்புச்சத்து என்றதும் அவளுக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. குட்டி வயிற்றில் இருந்தபோது கொக்கு நர்ஸ் கொடுத்த இரும்பு மாத்திரை. முழுங்கினால் வாந்தி, முழுங்காவிட்டால் மயக்கம். அவ்வளவு பெரிய கடலுக்கு மயக்கம் வந்தால் எங்கே போய்ப் படுக்கும் பாவம் என்று நினைத்தாள். ஆனால் வாயைத் திறக்கப் பயம்.

நரி மெல்லக் கேட்டார். "மீனு இல்லன்னா... கருவாடு?"

"கருவாடு ஏது?"

அண்ணாச்சிக்குக் கடற்கரையில் காயப்போட்ட கருவாட்டைத் திருடுவதுதான் பரம்பரைத் தொழில். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "இது உலகப் பிரச்சினைவே!"

மறுநாளே கரையில் விழா. காட்டில் கிடந்த பழைய இரும்பையெல்லாம் கொண்டுவந்து குவித்தார்கள். சக்கரம் இல்லாத சைக்கிள், ஓட்டை வாளி, கிணற்று ராட்டினம். தோகைநாதன் ரிப்பன் வெட்ட, எல்லாவற்றையும் கடலில் தள்ளினார்கள். அடியில் படுத்திருந்த நண்டு தலையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தது. "எந்த மூதேவிலே வாளிய எறிஞ்சது?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்தே பேசினாள். "கண்ணுக்குத் தெரியாத பாசி சைக்கிள எப்படித் திங்கும்? அடியில போய் உக்காந்தா யாருக்கு லாபம்? பொடிப்பொடியா, காத்துல ஏறி வந்து, மேல விழணும்."

"அவ்வளவுதான?" என்று தோகைநாதன் தோகையை விரித்து மணலை விசிறினார். ரெண்டு தும்மல் வந்தது. தூசி முழங்கால்கூட ஏறவில்லை.

எல்லாரும் மெதுவாக, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற செம்பி பக்கம் திரும்பினார்கள்.

"தாயி," என்றார் நரி. குரலில் வெல்லப்பாகு. "கொஞ்சம் புரளுதியா?"

மேட்டில் பந்தல் போட்டார்கள். மைக் வைத்தார்கள். மரியாதைக்குக் குறைவு வரக் கூடாதென்று மணலின் மேல் சிவப்புக் கம்பளமும் விரித்தார்கள். செம்பி கம்பளத்தில் படுத்தாள். சுற்றிலும் செல்போன். நாலு காலையும் தூக்க வேண்டுமே என்று நினைத்ததும் உடம்பு விறைத்துவிட்டது.

"எல்லாரும் பாத்தா எனக்கு வராது அண்ணாச்சி," என்றாள். அந்தக் காடு அவள் குரலைக் கேட்டதே அன்றைக்குத்தான். கேட்டபிறகு அவளுக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. "அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க. ஜமுக்காளத்தையும் எடுத்துருங்க."

திரும்பிக்கொண்டார்கள். தலைவர் முதல் ஓணான் வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். செம்பி புரண்டாள். இத்தனை நாள் அரிப்பும் சேர்ந்து ஒரு புரளல். செம்மண் பனை உயரத்துக்கு எழும்பியது. மேல்காற்று அதைக் கடல் பக்கம் கொண்டுபோனது. காட்டில் இருந்த எல்லார் முதுகும் ஒரே நிறமாகிவிட்டது.

கொஞ்ச நாளில் நடுக்கடல் பச்சையானது. மீன் வந்தது. கருவாடும் வந்தது. நரி உடனே புது உத்தரவோடு வந்து நின்றார்.

"தாயி, இனி தினமும் மத்தியானம் நீ புரளணும். வந்ததும் குளம்பு ரேகை வச்சிரு. லீவு கெடையாது."

செம்பி மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நேரம் வச்சு அரிக்காது அண்ணாச்சி. அதுவா வந்தாத்தான் உண்டு. டவுனுக்கு அனுப்புவோம்னு பயம் காட்டுனா சுத்தமா வராது."

நரி யோசித்தார். கருவாட்டையும் யோசித்தார். பழைய உத்தரவையும் புது உத்தரவையும் சேர்த்துக் கிழித்துப் போட்டார்.

இப்போதெல்லாம் மத்தியானமானால் தோகைநாதன் எட்டவே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கிறார். "மைனி, இன்னைக்கு அரிக்குதா?"

"தெரியலியே. புள்ளயக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. படுத்துப் பாக்குதேன்."

குட்டி தோகையைப் பிடித்து இழுக்க, அவர் ஆ ஊ என்று கத்திக்கொண்டே அதற்கு விளையாட்டுக் காட்டுகிறார். செம்பி மேட்டில் போய்ப் படுக்கிறாள். சில நாள் புரளுகிறாள். பல நாள் தூங்கிவிடுகிறாள்.

நீதி: யாராவது வந்து தூசி என்று குறை சொன்னால் உடனே எழுந்து பெருக்காதீர்கள், எங்கோ ஒரு மீன் அதற்காகக் காத்திருக்கலாம். காத்திருக்காவிட்டாலும் மோசமில்லை, அதை விசாரித்து வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம்.