பின்பக்கமாகப் பாலம் ஏறிய லண்டன் பாய்

முகத்தை வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டே வெளியூருக்குப் புறப்பட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் பழவேற்காட்டு லண்டன் பாய். பொன்னேரி போகிற சாலையில் அப்போது ஒரு மேட்டுப் பாலம் உண்டு. அதை அவருடைய கார் ரிவர்ஸில்தான் ஏறும். எதிரே வருகிற பஸ் டிரைவர் பிரேக்கைப் போட்டுவிட்டுத் தலையை நீட்டுவார்.

"இன்னா பாய், வர்றீங்களா, போறீங்களா? எதுனா ஒண்ணு சொல்லுங்க, நான் வண்டிய எடுக்கணும்."

"போறேன்பா. மூஞ்சிய பாத்து முடிவு பண்ணாத!" என்பார் பாய்.

எழுபதுகளின் கடைசியில் நான் பழவேற்காட்டு தபாலாபீசுக்கு மாற்றலாகிப் போனேன். எனக்கு எதிர்வீடு லண்டன் பாய். வலைக்கு நூல் விற்கிற கடை வைத்திருந்தார். லண்டன் கிடக்கட்டும், மனுஷன் மெட்ராஸைத் தாண்டியதில்லை. லண்டனிலிருந்து வந்தது கார். அது எந்தக் கம்பெனிக் கார் என்று யாருக்கும் தெரியாது. மூக்கில் இருந்த பெயர்த் தகடு என்றைக்கோ விழுந்துவிட்டது. கேட்டால், "லண்டன் வண்டி" என்பார். அந்தப் பெயர் காரிலிருந்து இறங்கி அவர் மேல் ஏறிக்கொண்டது.

மெட்ராஸில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது கொட்டகைக்குள் கிடந்த அந்தக் காரை பாய் விலைக்கு வாங்கியிருந்தார். லாரிக்காரர்கள் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்களாம். சவுக்குக்கட்டை இறக்கிவிட்டுக் காலியாகக் கால்வாய் வழியே ஊர் திரும்புகிற தோணி ஒன்று பாயின் கண்ணில் பட்டது. காரை அதில் ஏற்றினார். தாமும் காருக்குள் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார். கால்வாய்க் கரையில் நின்றவர்களுக்கெல்லாம் ரப்பர் ஹாரனை அமுக்கியபடியே ஊர் வந்து சேர்ந்தார். "அந்த ஒரு தபாதான் அது எங்கியும் நிக்காம வந்துச்சு" என்பார் அவர் மனைவி ஜமீலாம்மா.

ரிவர்ஸ் கதைக்குக் காரணம் உண்டு. அந்தக் காரில் பெட்ரோல் டாங்க் ஸீட்டுக்கு அடியில் இருந்தது. பம்பு கிடையாது. பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்கு ஓட வேண்டும். மேடு ஏறினால் எஞ்சின் உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் பின்னாலேயே தங்கிவிடும். அதனால் பாலத்துக்கு முன்னால் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக ஏற்றி, இறக்கத்தில் எஞ்சின் எதற்கு என்று பின்பக்கமாகவே உருளவிட்டு, மறுபடி திருப்புவார். இதை எனக்கு விளக்கும்போது அவர் கண் பளபளக்கும். "இன்னா மூளை பாத்தீங்களா தபால் சார்? ஒரு பம்பு மிச்சம்!" என்பார். அந்த மிச்சத்தால் தமக்கு ஆகிற பாட்டை அவர் நினைத்ததே இல்லை.

பாலம் தாண்டியும் கார் நின்றால் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு ஆளுக்கா பஞ்சம்? ஆனால் பழவேற்காட்டில் ஒரு வழக்கம். கரைக்கு வந்த படகைத் தள்ளக் கைகொடுத்தால் ஆளுக்கு ரெண்டு மீன் கொடுப்பார்கள். காரைத் தள்ளியவர்களும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பாய் சிரித்தபடி, "நியாயம்தாம்பா" என்றார். அன்றிலிருந்து காரின் டிக்கியில் ஒரு கூடை மீன் நிரந்தரமாகிவிட்டது. அதற்கப்புறம் கார் காட்டூர் திருப்பத்தில் தவறாமல் நின்றது. நன்றாக ஓடுகிற காரைக்கூட நாலு பேர் குறுக்கே நின்று, "பாய், எஞ்சின் சத்தம் சரியில்லியே" என்று நிறுத்தினார்கள் என்பது ஊருக்கே தெரியும். பாய் மட்டும் அவர்களுக்கு நன்றி சொல்லி மீன் கொடுத்தார்.

உப்புக் காற்றில் தகரம் துருப்பிடிக்கத் தொடங்கியபோது, படகு கட்டுகிற தேசப்பன் யோசனை சொன்னான்.

"படகுக்கு இன்னா பண்றோம் பாய்? மீனெண்ணெ பூசறோம். இது மட்டும் இன்னா ஒசத்தியா?"

பூசினார்கள். துரு போயிற்று. பூனைகள் வந்தன. பழவேற்காட்டில் அத்தனை பூனைகள் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் காரை எடுக்க வந்தால், முதலில் பானெட்டிலிருந்து பூனைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்குவார். "இறங்கு ராஜா, நைனா வெளிய போறேன்" என்று கொஞ்சிக்கொண்டே இறக்குவார்.

பிறகு பின் ஸீட்டில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவிட்டு வீட்டு வாசலைப் பார்த்துக் கேட்பார்.

"ஜமீலா, வர்றியா?"

"பஸ் வருது, நான் அதுல வரேன்."

ஜமீலாம்மா அந்தக் காரில் ஒரு முறைகூட ஏறியதில்லை. "வண்டின்னா நம்மள இட்னு போவணும். நாம வண்டிய இட்னு போவக்கூடாது" என்பது அவர் கட்சி. மனைவியை அந்த வெள்ளைத் துண்டின் மேல் உட்கார வைத்து ஒரு சுற்று போக வேண்டும் என்பதுதான் பாயின் வாழ்நாள் ஆசை. எனக்கோ அந்த அம்மாள் சொல்வதுதான் சரியென்று பட்டது. வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டில் குடியிருக்க வேண்டுமே.

எண்பதுகளில் பொன்னேரியில் ஒரு கல்யாணம், ஜமீலாம்மாவின் தம்பி மகளுக்கு. அம்மாள் பஸ்ஸில் போனார். பாய் காரில் போனார். பிரியாணி தீர்ந்து, பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்க்கிற நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தார். அதற்குள் உறவுக்காரப் பெண்கள் ஜமீலாம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். "உன் வூட்டுக்காரர் எங்க? இன்னும் தள்ளிக்கினு வராரா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அம்மாள் சமையற்கட்டுக்குப் பின்னால் போய் அழுதுகொண்டிருந்ததை பாய் பார்த்துவிட்டார்.

மறுநாள் தபாலாபீசுக்கு வந்தார். முகமே சரியில்லை.

"சார், வண்டிய குடுத்துடலாம்னு இருக்கேன். என்னால அவளுக்கு எதுனா நல்லது பண்ணணும்னா, இதாவது பண்றேனே."

மெட்ராஸில் பழைய கார்களாகப் பார்த்து வாங்கி வைக்கிற ஒரு பெரியவர் இருந்தார். எப்படியோ செய்தி எட்டி, அவர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டையோடு நேராகக் காருக்கு அடியில் படுத்துவிட்டார். மீனெண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வந்து, "அடடா, அடடா!" என்றார். பூனைகள் அவரையும் சுற்றிக்கொண்டன. பாயும் அவரும் காருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஸ்போக் சக்கரத்தைப் பற்றியும், கதவு பின்பக்கமாகத் திறப்பதைப் பற்றியும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். பேரம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. பேச்சுதான் முடியவில்லை. பாய் ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். கடைசியில், "இத தினமும் தொடைக்கணும் சார், இல்லாட்டி கோச்சிக்கும்" என்று தம் துண்டாலேயே ஒரு முறை துடைத்துக் காட்டினார்.

கயிறு கட்டி இழுத்துப் போக வண்டி ஏற்பாடாகியிருந்தது. ஊரே கூடி நின்றது. காட்டூர் திருப்பத்தில் மீன் வாங்கியவர்கள்கூட தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஜமீலாம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கார்க் கதவைத் திறந்து, பின் ஸீட்டில் உட்கார்ந்தார்.

பெரியவர் பதறிப்போனார். "அம்மா, வண்டி எடுக்கணும்..."

"எடுக்கட்டும். நான் பொன்னேரிக்குப் போவணும்."

"இல்லம்மா, நான் இத வாங்கிட்டேன்."

ஜமீலாம்மா அசையவில்லை. கார் பக்கத்தில் நின்ற புருஷனைக் கையால் காட்டினார்.

"இத்தப் பத்திப் பேசறப்ப அவரு மூஞ்சியப் பாத்தீங்க இல்ல சார்? வண்டிய நீங்க இட்னு பூட்டீங்கன்னா, அந்த மூஞ்சிய நான் எங்க போயி பாக்கறது?"

பெரியவர் பாயின் முகத்தைப் பார்த்தார். பிறகு தாமே குனிந்து கயிற்றை அவிழ்த்தார். நல்ல மனுஷர்.

"வண்டிய எடுங்க" என்றார் ஜமீலாம்மா, இந்த முறை புருஷனிடம்.

பாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்டார்ட் பண்ணுகிற ஹேண்டிலைக் காணோம் என்று ஸீட்டுக்கு அடியில் தேடினார், டிக்கியில் தேடினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காலடியில் தேடினார். ஹேண்டில் அவர் கையிலேயேதான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.